பனிமூட்டக் காலையில் செடியைத் தொடலாமா?

பனிமூட்டம் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, தோட்ட நண்பர்கள் பற்றியும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்தே வருவதால் பிரிக்காமல் அப்படியே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பனிமூட்டமான நாட்களில் இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. "இன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதே, பனியே போதும்" என்கிறார் என் தோழி. ஆனால் தொட்டி மண்ணைத் தொட்டால் காய்ந்திருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: மண் சொல்வதுதான் சரி. பனிமூட்டம் பார்வைக்குத்தான் பெரிது. அடர்ந்த மூட்டத்திலேயே ஒரு கன மீட்டர் காற்றில் அரை கிராம் நீர்கூடப் பெரும்பாலும் இருக்காது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறை முழுக்கப் பனிமூட்டத்தை அடைத்து, அதில் இருக்கும் நீரையெல்லாம் பிழிந்து எடுத்தால்கூட ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தேறாது. இலை நனைய அது போதும், வேருக்குப் போதாது. கலிஃபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்கள் வாழும் காடுகளுக்குக் கிடைக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பனிமூட்டத்திலிருந்து வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவை வானளாவிய மரங்கள், லட்சக்கணக்கான ஊசியிலைகளால் போகிற பனியைச் சீப்பு போட்டு வாரி எடுத்துச் சொட்டவிடுகின்றன. உங்கள் தக்காளிச் செடியால் அது முடியாது.

தோழி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஈரக்காற்றில் மண் மெதுவாகத்தான் காயும், அதனால் வழக்கமாக ஊற்றும் அளவு அன்று தேவைப்படாமல் போகலாம். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், இலையில் படாமல் வேரடியில்.

கேள்வி: நாளைக் காலை பனிமூட்டம் வருமா என்று முதல் நாளே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். பகலில் மழை பெய்து மண் ஈரமாக இருந்து, இரவில் மேகமில்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் வரும். போர்வை போல மூடும் மேகம் இல்லாததால் தரை தன் சூட்டை இழக்கிறது, அதைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து ஈரத்தைத் துளிகளாக விடுகிறது. அப்படிப்பட்ட மாலையில் செடிக்குத் தண்ணீர் தெளிக்காதீர்கள், இலை இரவு முழுக்க நனைந்தே கிடக்கும்.

கேள்வி: வேலைக்குப் போவதால் காலை ஆறு மணிதான் எனக்குத் தோட்ட நேரம். பீன்ஸ் பறிப்பது, கிளை வெட்டிக் கவாத்து செய்வது எல்லாம் அப்போதுதான். ஈரத்தோடு கை வைக்காதே என்று நண்பர் தினமும் சண்டை போடுகிறார்.

பதில்: அவர் உங்கள் செடிகளின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர், கேட்டுக்கொள்ளுங்கள். துரு நோய், ஆந்த்ரக்னோஸ் என்ற புள்ளி நோய், பாக்டீரியாக் கருகல் எல்லாமே பீன்ஸில் ஈரத்தை வைத்துத்தான் பரவுகின்றன. ஒரு செடியின் நனைந்த இலையைத் தொட்ட கை, உரசின சட்டை, வெட்டின கத்தரிக்கோல், இவை போதும் அடுத்த செடிக்குக் கொண்டுபோக. குளிரும் ஈரமும் பல மணி நேரம் சேர்ந்து நின்றால் உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் இலைக்கருகல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை 1845-இல் அயர்லாந்து பார்த்தது, உருளைக்கிழங்கு வயல் வயலாகக் கருகிப் பஞ்சமே வந்தது.

சாம்பல் நோய் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. காற்றில் ஈரம் இருந்தால் அதற்குப் பிடிக்கும், ஆனால் இலைமேல் தண்ணீரே நின்றால் அதன் வித்துகள் சரியாக முளைப்பதில்லை. அதனால் வெள்ளரி இலையில் மாவு பூத்தது போல வெள்ளையாகத் தெரிந்தால் பனியை மட்டும் குறை சொல்லாமல், தொட்டிகள் நெருக்கியடித்துக் காற்றோட்டம் இல்லாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, ஆறு மணிக்கு என்னதான் செய்வது? கத்தரிக்கோலைத் துடைத்து வைக்கலாம், விதைகளைப் பிரித்துப் பெயர் எழுதலாம், தொடாமல் சும்மா பார்க்கலாம். மற்ற நாளில் கண்ணுக்கே தெரியாத சிலந்தி வலை ஒவ்வொன்றும் அன்று மணி கோத்தது போலத் தெரியும், எந்தச் செடியில் எத்தனை சிலந்தி காவல் இருக்கிறது என்று எண்ணிவிடலாம். பறிப்பதையும் வெட்டுவதையும் மாலைக்கோ விடுமுறை நாளுக்கோ தள்ளுங்கள்.

கேள்வி: தக்காளி இலையின் ஓரப் பற்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி, அளந்து வைத்தது போல. மேலே கூரை இருக்கிறது, பனி படவே வாய்ப்பில்லை. இது என்ன?

பதில்: அது பனித்துளியே இல்லை, செடி தானே வெளியே தள்ளிய நீர். மண் ஈரமாக இருந்து, காற்றும் ஈரமாக இருந்தால் இலை வழியாக நீர் ஆவியாக முடியாது. வேர் மட்டும் உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் இலை விளிம்பில் இருக்கும் நுண்ணிய நீர்த்துளைகள் வழியாகத் துளி வெளியே வருகிறது. பனி இலைப்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் படியும், இது விளிம்பில் மட்டும் நிற்கும். காய்ந்த பிறகு சில சமயம் வெள்ளையாக உப்புத் தடம் தெரியும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: பனிக்காலத்தில் தக்காளிப் பூ நிறைய வருகிறது, காய் பிடிக்காமல் உதிர்கிறது.

பதில்: இரவுக் குளிர் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் காய்பிடிப்பு குறையும், அதற்கு நாம் செய்ய அதிகம் இல்லை. ஆனால் ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்வதும் மூட்டத்தில் தேனீக்கள் வராததும்கூடக் காரணம். வெயில் வந்து பூ காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் ஒரு நொடி வைத்தாலும் மகரந்தம் நன்றாக உதிரும்.

கேள்வி: தோழி தன் ரோஜாவிலிருந்து குச்சி வெட்டித் தந்தார். மூன்று வாரமாகத் துளிர் இல்லை, இருந்த இரண்டு இலையும் கொட்டிவிட்டது. தினமும் காலையில் பேசுவோம். "குச்சி எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: இலை கொட்டியதை வைத்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நகத்தால் பட்டையை ஓரிடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் கொஞ்சம் கீழே இன்னொரு இடத்தில் பாருங்கள், நுனி காய்ந்தாலும் அடி பிழைத்திருக்கலாம். வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கி மட்டும் பார்த்துவிடாதீர்கள், புதுவேர் நூல் மாதிரி இருக்கும், அறுந்துவிடும். குளிரில் வேர் விடவும் நாளாகும், மூன்று வாரம் ஒன்றும் அதிகம் இல்லை.

அப்புறம், தோழியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். செடி வளர்க்கிறவருக்குக் குச்சி பட்டுப்போவது தெரியாத விஷயமா? அவரும் எத்தனையோ குச்சிகளை இழந்துதான் இந்த ஒன்றை வளர்த்திருப்பார். பச்சை இல்லையென்றால் இன்னொரு குச்சி கேளுங்கள், இந்த நாட்களிலேயே கேளுங்கள். நர்சரிகளில் புகைபோல நீரைத் தெளித்துத்தான் குச்சிகளுக்கு வேர் வர வைக்கிறார்கள், ஈரக்காற்றில் இலை வாடாது என்பதால். நாளைக் காலை மூட்டம் விலகும் வரை செடியில் எப்படியும் வேலை இல்லை, முதலில் சுரண்டிப் பாருங்கள், பிறகு அவரைக் கூப்பிடுங்கள்.