அஃபிலியேட் குறியீட்டைச் சேர்க்க எக்ஸ்டென்ஷன் வாங்கலாமா?

கேள்வி: சமையலறைச் சாதனங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதி வருகிறேன். என் இணைப்பின் வழியாக வாசகர் பொருள் வாங்கினால் கமிஷன் தரும் அமேசான் இந்தியாவின் அசோசியேட்ஸ் திட்டத்தில் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு இணைப்பிலும் என் அஃபிலியேட் குறியீட்டை (வாசகரை அனுப்பியது நான் என்று காட்டும் அடையாளத்தை) கையால் சேர்க்க வேண்டியிருப்பதால் நேரமும் போகிறது, பிழையும் நேர்கிறது. இந்த வேலையைத் தானாகச் செய்யும் குரோம் எக்ஸ்டென்ஷன்களில் (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்களில்) சில இலவசமாகவும் சில மாதக் கட்டணத்துக்கும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தேவைக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. அசோசியேட்ஸ் கணக்கில் நுழைந்துவிட்டுக் கணினியில் அமேசானின் பொருள் பக்கத்தைத் திறந்தால், பக்கத்தின் உச்சியில் 'சைட்ஸ்ட்ரைப்' என்ற பட்டை தோன்றும். அதிலிருந்தே குறியீடு சேர்ந்த இணைப்பை இலவசமாக நகலெடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டை போதாது என்றால் புக்மார்க்லெட் இருக்கிறது. இது புக்மார்க்காகச் சேமித்துவைக்கும் ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் வரி. நீங்கள் சொடுக்கினால் மட்டுமே இயங்கும், அதில் எழுதியிருப்பது முழுவதையும் படித்துப் பார்க்கலாம், உங்களுக்குத் தெரியாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் செய்யாது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் எளிய புக்மார்க்லெட்டுகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி இட்டு உங்கள் குறியீட்டை ஒட்டிவிடுவதோடு அவை நின்றுவிடும். முகவரியில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருந்தால், அடுத்து வருவதை 'அண்ட்' (&) குறியால்தான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் குறியீடு முந்தைய பகுதியோடு ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். கடைப் பக்கம் வழக்கம்போலத் திறந்துவிடும் என்பதால், கமிஷன் வராத வரையில் இந்தப் பிழை கண்ணில் படாது. அமேசானின் நீண்ட முகவரியில் உண்மையில் தேவைப்படுவது 'டிபி' (dp) என்பதற்குப் பின்வரும் பத்து எழுத்துப் பொருள் எண் மட்டுமே ஆகையால், அதை மட்டும் எடுத்து, மற்றதை வெட்டிவிட்டு, 21 என்று முடியும் உங்கள் குறியீட்டைச் சேர்க்கும் புக்மார்க்லெட்டையே தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்டென்ஷனை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் கட்டணம் அன்று. 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற அனுமதியைக் கேட்கும் எக்ஸ்டென்ஷன், நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கத்தையும் பார்க்க முடியும். 2022 ஆகஸ்டில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபி ஐந்து குரோம் எக்ஸ்டென்ஷன்களை அடையாளம் காட்டியது. மொத்தம் சுமார் 14 லட்சம் பேர் நிறுவியிருந்த அவை, பயனர்கள் பொருள் வாங்கும் தளங்களுக்குப் போகும்போது தம்மை உருவாக்கியவர்களின் அஃபிலியேட் குறியீட்டை ரகசியமாக நுழைத்துவந்தன. உங்கள் குறியீட்டைச் சேர்க்கத் தெரிந்த கருவிக்கு அதை மாற்றிவைக்கவும் தெரியும் அல்லவா? பயனர் தாமே ஏதேனும் செய்யாமல் அஃபிலியேட் குறியீட்டைச் சேர்க்கக் கூடாது என்று 2025இல் கூகுள் தன் விதியை இறுக்கியது நல்லதே. ஆயினும் இன்று நேர்மையாக நடக்கும் எக்ஸ்டென்ஷன் நாளை வேறொருவர் கைக்கு மாறினால், அடுத்த புதுப்பிப்பிலேயே அதன் நடத்தை மாறலாம். வேறு காரணத்துக்காக ஒன்றை நிறுவியே ஆக வேண்டுமானால், அமைப்புகளில் அதன் தள அனுமதியை 'சொடுக்கும்போது மட்டும்' என்று மாற்றிவிடுங்கள்.

எந்த வழியில் சேர்த்தாலும், பதிவை வெளியிட்டதும் இன்காக்னிட்டோ சாளரத்தில் இணைப்பைச் சொடுக்கி, முகவரியில் இருப்பது உங்கள் குறியீடுதானா என்று பாருங்கள். (சோதிக்கும்போது அப்படியே உங்களுக்கும் ஒரு மிக்ஸி வாங்கிவிடாதீர்கள், சொந்தக் கொள்முதலுக்குக் கமிஷன் கிடையாது, அது விதிமீறலும்கூட.) சைட்ஸ்ட்ரைப் குறுகிய இணைப்பையும் தரும் என்றாலும், குறியீடு வெளிப்படையாகத் தெரியும் முழு இணைப்பைப் பதிவில் இடுவதே பின்னாளில் சரிபார்க்க வசதி. இணைப்பின் வழியாக உங்களுக்குக் கமிஷன் கிடைக்கிறது என்ற அறிவிப்பையும் வாசகர் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள்; அமேசானின் ஒப்பந்தம் அதைக் கட்டாயமாக்குகிறது, எந்தக் கருவியும் அதை உங்களுக்காகச் சேர்த்துத் தராது.