டைட்ரேஷன் மட்டும் தெரிந்தவளுக்கு ஆய்வகத்தில் இடம் உண்டா?

வேதியியல் படிப்பு, ஆராய்ச்சி குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. எங்கள் லேபில் டைட்ரேஷன், சால்ட் அனாலிசிஸ் என்ற அடிப்படைச் சோதனைகள்தான். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பெரிய ஆய்வகங்களில் என்னைப் போன்றவர்களைச் சேர்ப்பார்களா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: சேர்ப்பார்கள். உங்கள் மாவட்டத்திலேயே, காரைக்குடியில், சிக்ரி இருக்கிறதே! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953-இல் திறந்தார்கள். பேட்டரி, எரிபொருள் மின்கலம், முலாம் பூசுதல், துரு என்று அங்கே நடக்காத வேலை இல்லை. கடல்காற்றில் உலோகம் எப்படி அரித்துப்போகிறது என்று பார்க்க ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். தினமும் பஸ்ஸில் அந்த வளாகத்தைக் கடந்து போகிற பிள்ளைகளே 'அதெல்லாம் நமக்கில்லை' என்று நினைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆரின் (அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம். தோழிகளோடு போய்ப் பாருங்கள். அங்கே நிற்கிற ஆய்வு மாணவர்களிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். பலர் உங்களைப் போன்ற கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்தான்.

அடுத்து, நவம்பரை மறக்காதீர்கள். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக அந்த மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் கேட்பார்கள். அந்தக் குறிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். தப்பும் தவறுமான ஆங்கிலமாக இருந்தாலும் அது உங்களுடையதாக இருக்கட்டும்.

விஞ்ஞானிக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவதிலும் இதே கதைதான். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார். என் மாணவி ஒருத்தி ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டாள். துத்தநாக மின்முனையில் ஊசி ஊசியாகப் படிவு வளர்வது பற்றியது. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டி, புரியாத இடத்தை ஒரு கேள்வியாக எழுதினாள். கடைசியில் 'மே மாதம் வந்து கற்றுக்கொள்ள அனுமதிப்பீர்களா?' என்று ஒரு வரி. மறுநாளே பதில் வந்தது. கட்டுரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால், செய்யச் சொல்லிக் கேட்கும் முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

டைட்ரேஷனைக் குறைவாகவும் எண்ணாதீர்கள். ஒரு சொட்டில் நிறம் மாறுகிற இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்தவளுக்கு எந்தக் கருவியும் பழகிவிடும். மூன்றாம் ஆண்டில் 'ஜாம்' தேர்வு எழுதுங்கள்; ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர அதுதான் வழி. இயற்பிய வேதியியலுக்கு (பிசிகல் கெமிஸ்ட்ரி) வேண்டிய கணக்கை இப்போதே தொடங்குங்கள், நம் பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான்.

கேள்வி: எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன். பிஎச்.டி. என்றால் இன்னும் ஐந்து வருடம் வீட்டுக்குப் பாரம் என்கிறார் அப்பா. மருந்து கம்பெனியில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகர், வேலூர்

பதில்: அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் தம்பி. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால், 2023-இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. சேர உதவும் இன்னொரு தேர்வான 'கேட்'டின் மதிப்பெண்ணும் மூன்று ஆண்டு செல்லும். ஆனால் இந்தத் தகுதி எதுவும் இல்லாமல், உதவித்தொகையும் இல்லாமல் பிஎச்.டி.யில் சேர்வதாக இருந்தால் நான் அப்பா பக்கம்தான். வேலைக்குப் போங்கள், மாலையில் படித்துத் தேர்வு எழுதுங்கள்.

கேள்வி: கல்லூரி ஒன்றில் பிஎச்.டி. செய்கிறேன். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி இங்கே இல்லை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை போடுகிற இதழ் ஒன்றைச் சொல்கிறார்கள். அனுப்பலாமா அம்மா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். நான்கு வருட உழைப்பை ஒரு வாரத்தில் யார் படித்துச் சரிபார்த்திருக்க முடியும்? நாளைக்கு நேர்காணலில் அந்த இதழின் பெயரே உங்களுக்கு எதிராக நிற்கும். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-இலேயே நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக அப்படி விதி வைத்திருந்தாலும், எழுதியவரிடம் காசு வாங்காமல் வெளியிடுகிற நல்ல இதழ்கள் நிறைய உண்டு.

கருவிக்கு சென்னை ஐஐடியில் உள்ள பகுப்பாய்வுக் கருவி மையமான சைஃபை அணுகுங்கள். வெளிக் கல்லூரி மாதிரிகளையும் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வேறெங்கே என்ன கருவி இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடலாம். மாதிரி பத்து மில்லிகிராம் போதும். எந்தக் கரைப்பானில் கரைகிறது என்பதைப் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். சேர்மத்தைப் பிரித்தெடுக்கும் குழாயிலிருந்து (column) இறக்கியதும் அவசரப்பட்டு அனுப்பிவிடாமல் வெற்றிடத்தில் நன்றாக உலர்த்துங்கள். இல்லையென்றால் குளோரோஃபார்மில் எடுத்த நிறமாலையில் 1.26, 2.05, 4.12 என்று மீந்துபோன கரைப்பானான எத்தில் அசிட்டேட்தான் எழுந்து நிற்கும். கட்டணத்தை இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கும்.