மறைத்த கட்டமும் மறையாத நிபந்தனையும்

கேள்வி: எங்கள் பனியன் நிறுவனத்துக்கு மொத்த ஆர்டர் எடுக்க இணையப் படிவம் ஒன்றை அமைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு 'இல்லை' என்று வாங்குபவர் தேர்ந்தெடுத்தால் ஜிஎஸ்டி எண்ணுக்கான கட்டம் மறைந்துவிடும். ஆனால் அவர்கள் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. பிழைச் செய்தியும் வருவதில்லை. ஏன்?
— வாசகர், திருப்பூர்

பதில்: கட்டத்தை மறைத்தீர்களே தவிர, அதன் மீதிருந்த நிபந்தனையை நீக்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'டிஸ்ப்ளே நன்' என்று எழுதினால் கட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் 'ரிக்கொயர்டு' என்னும் பண்பு அப்படியே இருக்கும். நிரப்ப வேண்டிய கட்டம் காலியாக இருப்பதாகக் கருதி பிரவுசர் படிவத்தைத் தடுக்கிறது. பிழையைக் காட்ட வேண்டிய கட்டமோ திரையில் இல்லாததால், எதுவும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. பிழைகளைப் பதிவுசெய்யும் குரோமின் கன்சோலைத் திறந்தால், அந்தக் கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுசெல்ல இயலவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஈரோட்டுச் சந்தையில் சிறு கடை வைத்திருப்பவர் கன்சோலையா திறந்து பார்ப்பார்? படிவம் பழுதென்று எண்ணிப் போய்விடுவார். பதிவில்லாத சிறு வியாபாரிகளே இதில் சிக்குகிறார்கள் என்பதால், இதை உடனே சரிசெய்யுங்கள்.

ஜிஎஸ்டி தொடர்பான கட்டங்களை ஒரு 'ஃபீல்ட்செட்'டுக்குள் (கட்டங்களை ஒரே குழுவாகச் சேர்க்கும் உறுப்பு) வைத்து, 'இல்லை' என்றதும் அதை மறைப்பதோடு 'டிசேபிள்டு' (முடக்கப்பட்டது) என்றும் ஆக்குங்கள். டிசேபிள்டு ஆன கட்டத்தை பிரவுசர் சரிபார்க்காது. அதிலுள்ள மதிப்பையும் அனுப்பாது. முதலில் 'உண்டு' என்று சொல்லிப் பாதி எண்ணைத் தட்டிவிட்டுப் பிறகு 'இல்லை' என்று மாற்றியவருக்கும் இதனால் தடையிராது. 'ரிக்கொயர்டு' பண்பை மட்டும் நீக்கினால் போதாதா என்றால், அந்தப் பாதி எண், எண்ணின் வடிவம் சரியா என்று பார்க்கும் 'பேட்டர்ன்' சோதனையில் தோற்று மீண்டும் வழியை அடைக்கும். 'உண்டு', 'இல்லை' தேர்வைப் பார்த்துக் கட்டங்களை முடக்கும் இந்த நிரலைப் பக்கம் திறக்கும்போதும் ஓட்டுங்கள். பக்கத்தைப் புதுப்பிக்கையில் சில பிரவுசர்கள் பழைய தேர்வை மீட்டுவைக்கும்.

'உண்டு' என்றவர்களிடம் கண்டிப்பு வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழகத்துக்கு 33, அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. ஆகவே மாநிலத்தையும் கேட்கிறீர்கள் என்றால், அதனோடு முதல் இரண்டு இலக்கங்கள் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

பிரவுசரின் சோதனை வாங்குபவரின் வசதிக்காக மட்டுமே. அதைத் தாண்டி எவரும் நேரடியாகத் தரவை அனுப்பிவிட முடியும். எனவே சர்வரிலும் இதே நிபந்தனையை எழுதுங்கள்: 'உண்டு' என்று வந்தால் எண் கட்டாயம், 'இல்லை' என்று வந்தால், கூடவே ஓர் எண் வந்திருந்தாலும் அதைச் சேமிக்காமல் விட்டுவிடுங்கள்.