உடுப்புக்கு லோகோ, மொடல், படப்பிடிப்பு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தீபாவளி உடுப்பைப் பற்றியவை. எழுதிய எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. தீபாவளி வரும் ஐப்பசியில்தான் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மாரி மழையும் தொடங்குகிறது. ஆவணிக்குள், பிந்தினாலும் புரட்டாசி நடுப்பகுதிக்குள், படங்களை எடுத்து முடியுங்கள். மழை இருட்டில் எடுத்த படத்தை எடிற்றிங்கால் வெயிலுக்குக் கொண்டுவர முடியாது.

வீட்டிலிருந்து பஞ்சாபியும் குர்த்தாவும் தைத்து விற்கிறேன். இனி ஒரு பிராண்டாகச் செய்ய ஆசை. முதலில் லோகோவா, போட்டோ ஷூட்டா?
(வாசகி, யாழ்ப்பாணம் திருநெல்வேலி)

இரண்டும் இல்லை, தங்கச்சி. இதுவரை விற்றவற்றில் ஆக்கள் திரும்பவும் கேட்டு வாங்கிய பத்து உடுப்பை எடுத்துக் கட்டிலில் பரப்புங்கள். வாங்கியது கம்பஸ் பிள்ளைகளா, வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை செய்கிற அக்காமாரா, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்களா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். எந்த நிறம், எந்தக் கழுத்து, எந்தத் துணி திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். உங்கள் பிராண்டின் முகம் அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறது.

அதிலிருந்து இரண்டு நிறம், கூடினால் மூன்று, தெரிவு செய்யுங்கள். "மெரூன்" என்று வாயால் சொன்னால் அச்சகத்துக்கு ஒரு மெரூன், டிசைனருக்கு வேறொரு மெரூன். ஆகவே டிசைன் மென்பொருள் காட்டும் நிற இலக்கத்தை எழுதி வையுங்கள். பை, விலைச்சீட்டு, பின்சுவர், இன்ஸ்ரகிராம் அட்டை எல்லாம் அந்த இலக்கத்திலிருந்துதான் வரவேண்டும். அதன் பிறகு லோகோ, கடைசியாகப் படப்பிடிப்பு. மாறிச் செய்தவர்கள் ஆறு மாதத்தில் லோகோவை மாற்றுவார்கள். பழைய படங்களும் அதோடு வீணாகும்.

ஒரு ஷூட்டுக்கு எவ்வளவு முடியும்? உடனே பதில் தேவை.
(பெயர், ஊர் எழுதவில்லை)

எத்தனை உடுப்பு? மொடலுக்கா, வெள்ளைப் பின்னணியில் விரித்தா? படம் இணையத்துக்கா, கடை வாசல் பனருக்கா? மேக்கப் யார் பொறுப்பு? இந்த நான்கும் இல்லாமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

லோகோவை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஃபிளெக்ஸ் கடையில் பெரிதாக்கினால் உடைகிறதாம். எப்படிச் சரிசெய்வது?
(சாவகச்சேரி)

வட்ஸ்அப் சுருக்கிய ஜேபெக்கைப் பத்து அடிக்கு இழுத்தால் உடையத்தான் செய்யும். செய்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். இலஸ்ரேற்றர் மென்பொருளின் ஏஐ கோப்பு, எஸ்விஜி, அல்லது கோடுகளாகச் சேமித்த பிடிஎஃப் வேண்டும். அவர் தரமறுத்தால் வேறொருவரைக் கொண்டு திரும்ப வரையுங்கள். அடுத்த தடவை காசு கொடுக்கும் முன்பே மூலக் கோப்பும் சேர்த்து என்று எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் என்றால் எழுத்தில்தான், போனில் சொன்னது கணக்கில் வராது.

இன்னொன்றும் உங்கள் லோகோவில் கண்டேன். அந்த மின்னும் ராணி பிங்க் திரையில் மட்டும்தான் தெரியும். சாதாரண அச்சு மைகளால் அதை எட்ட முடியாது, மங்கித்தான் வரும். ஃபிளெக்ஸ் அடிக்க முன் ஒரு சிறு துண்டில் மாதிரி அடித்து, பகல் வெளிச்சத்தில் துணிக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

கடைப் பெயரைத் தமிழில் போட விருப்பம். இலஸ்ரேற்றரில் எழுத்துக்கள் பிரிந்து கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக வருகின்றன. பழைய பாமினி ஃபொன்றில் செய்தால் பரவாயில்லையா?
(வட்டுக்கோட்டை)

தமிழில் போடுவது நல்ல முடிவு. பாமினி வேண்டாம். அந்த ஃபொன்ற் இல்லாத கணினியில் உங்கள் கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. யூனிகோடில் செய்யுங்கள். இலஸ்ரேற்றரின் விருப்பத்தெரிவுகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்கி, பந்தி அமைப்பில் தென்னாசிய மொழிகளுக்கான கொம்போசரைத் தெரிந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். கற்றமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் கூகிளில் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வியாபாரத்துக்குத் தடையில்லை. அவற்றை அடித்தளமாக வைத்து ஒரு எழுத்தையாவது கையால் திருத்துங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கடைப் பெயரும் உங்களுடையது போலவே இருக்கும்.

தமிழ் லோகோவுக்கு நான் வைக்கும் சோதனை புள்ளிதான். கழுத்தில் தைக்கும் நெய்த லேபிள் இரண்டு அங்குல அகலம்தான் வரும். அதில் மெய்யெழுத்தின் புள்ளி நூலுக்குள் அமுங்கிப் போகும், இகரச் சுழியும் ஈகாரச் சுழியும் ஒன்றுபோலத் தெரியும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து தள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள். லேபிள் ஆயிரம் அடிக்க முன் ஒன்றை நெய்து பாருங்கள்.

எங்கட மொடல் பிள்ளை கொஞ்சம் கறுப்பு. போட்டோகிராபர் எடிற்றிங்கில் வெள்ளையாக்கித் தருகிறேன் என்கிறார். எங்கட சனம் வெள்ளையான மொடலைத்தானே விரும்பும். செய்யலாமா?
(உடுப்புக்கடை உரிமையாளர், யாழ்ப்பாணம்)

செய்யக்கூடாது. இது மாதாமாதம் ஏதோ ஒரு வடிவில் வரும் கேள்வி. இந்த முறை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வியாபாரக் கணக்கு. எங்கள் தோலின் நிறம் கணினிக்குப் பெரும்பாலும் செம்மஞ்சள். வெள்ளையாக்குகிறவர் செய்வது அந்தச் செம்மஞ்சளின் ஒளியைக் கூட்டுவதுதான். கடுகு மஞ்சள், செங்கல் நிறம், செம்பு, சாறிக் கரையின் சரிகை எல்லாம் அதே செம்மஞ்சளுக்குள்தான் இருக்கின்றன. முகம் வெளுக்கும்போது அவையும் சேர்ந்து வெளுக்கும். வாங்கியவர் பொதியைப் பிரித்து "படத்தில் இருந்த நிறம் இது இல்லையே" என்று திருப்பி அனுப்புவார். திரும்பி வரும் சாறிகளைக் கடைக்காரர் தையலையும் தரத்தையும் வைத்துத்தான் ஆராய்கிறார். படத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது, பிள்ளை படத்தில் இருட்டாக வந்ததற்குக் காரணம் அவருடைய நிறம் இல்லை, வெளிச்சம். கமராவின் தானியங்கி அளவீடு சட்டகம் முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் சுவரை அடக்குவதற்காக முகத்தையும் சேர்த்து இருட்டாக்கும். சுவரைக் களிமண் நிறத்துக்கோ கடும் பச்சைக்கோ மாற்றுங்கள். வெளிச்ச அளவை முகத்தில் எடுத்துக் கைமுறையில் பூட்டுங்கள். பெரிய வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை றெஜிபோம் தகட்டைப் பிடியுங்கள். தோலில் ஒளி வழுக்கி ஓடும் அந்த வடிவு, தட்டையாகப் பவுடர் பூசிய முகத்தில் ஒருநாளும் வராது. மேக்கப் செய்பவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பூச்சு கழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு படி வெள்ளையாகப் பூசினால் ஃபிளாஷ் பட்டதும் முகம் சாம்பலடிக்கும்.

இந்தப் பிழை எங்களூரில் தொடங்கியதும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கொடாக் ஆய்வுகூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரிப் படத்தில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். "ஷேர்லி காட்" என்பார்கள். கபில நிறங்களை ஃபிலிம் சரியாக வாங்கவில்லை என்று மரத்தளபாடம் செய்தவர்களும் சொக்கலேற் செய்தவர்களும் முறையிட்ட பிறகுதான் அதைத் திருத்தும் வேலை வேகம் பிடித்தது. மனிதர்களின் தோலுக்காக அவ்வளவு அக்கறை எடுக்கப்படவில்லை. இன்றைய கமராவுக்கு அந்தக் குறை பெரிதாக இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய குறையை நாங்களே எடிற்றிங்கில் திரும்பச் செய்கிறோம்.

"சனம் விரும்பும்" என்கிறீர்கள். முகப்பூச்சு விற்ற பெரிய நிறுவனமே 2020இல் தன் ஃபெயார் அன்ட் லவ்லியின் பெயரிலிருந்து ஃபெயாரை எடுத்துவிட்டது. உங்கள் கடைக்கு வருகிற பத்துப் பெண்களில் எட்டு ஒன்பது பேர் அந்தப் பிள்ளையின் நிறம்தான். இந்தப் பச்சை தனக்கு எடுக்குமா என்று அவர்கள் படத்தில் தேடுகிறார்கள். வெளுத்த முகம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அதோடு, தன் படத்தை உங்கள் பனரில் பார்க்கப்போகிற அந்தப் பிள்ளையையும் நினையுங்கள். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். தன் முகம் விற்கத் தகாதது என்று ஒரு பெண்ணுக்கு றோட்டோரத்தில் எழுதிக் காட்டுவது பெரிய அநியாயம். போட்டோகிராபரை மாற்றுங்கள், பிள்ளையை மாற்றாதீர்கள்.

கூறைச்சாறியின் சிவப்பு படத்தில் ஒரே தட்டையான சிவப்பாக வருகிறது, சரிகை தெரியவில்லை.
(மானிப்பாய்)

சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிகிறது. கமரா காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்ரோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். கமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை முதல் முக்கால் படி குறைத்து, சுருக்காத றோ (RAW) கோப்பாக எடுங்கள். முதல் படத்தில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டையான கிறே காட்டைப் பிடியுங்கள். மஞ்சள் பல்பையும் ஜன்னல் வெளிச்சத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். எடிற்றிங் முடிந்ததும் சாறியைத் திரைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கமரா இல்லை. போனில் எடுத்தால் தரம் வருமா?
(கொக்குவில்)

வரும். கிட்டப்போய் எடுக்காமல் மூன்று மீற்றர் தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். கிட்ட நின்று அகல லென்ஸில் எடுத்தால் மொடலின் கால் குறுகித் தலை பெருக்கும். போர்ட்ரெயிற் மோட் முந்தானைக் குஞ்சத்தை வெட்டித் தின்னும், அதை அணையுங்கள். அழகு ஃபில்ற்றரையும்தான். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும். அது அவர்களுடைய நாட்டுக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டு தொடக்கம் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள்.

கோட்டை, நல்லூர், நெடுந்தீவு மூன்றிலும் ஒரே நாளில் எடுக்கத் திட்டம். ட்ரோனும் உண்டு. ஆலோசனை?
(பருத்தித்துறை)

தம்பி, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும், திரும்பி வரும் படகு உங்களுக்காகக் காத்திருக்காது. நெடுந்தீவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்தப் பவளக்கல் மதில்களுக்கு முன்னால் நீலமும் வெள்ளையும் கலந்த கைத்தறி அருமையாக எடுக்கும், அவசரப்பட்டுக் கெடுக்க வேண்டாம். கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் கீழ் உள்ளது. வியாபாரப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ட்ரோனுக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். நல்லூர்க் கோயிலை உடுப்புக்குப் பின்னணியாக்க வேண்டாம், திருவிழா நடக்கும் 25 நாளும் அந்தப் பக்கமே போகவேண்டாம். கும்பிட வந்த சனத்தை விளம்பரத்துக்குள் இழுப்பது முறையில்லை.

காலை ஆறரை முதல் எட்டரை, பின்னேரம் நாலரை முதல் ஆறு. இடையில் வெயில் உச்சியில் நின்று கண்குழியில் நிழல் போடும். மணற்காட்டு மணல்மேடுகளை நினைத்திருந்தால் சோளகக் காற்று வீசும் மாதங்களைத் தவிருங்கள். முந்தானை பறக்கும் என்பது உண்மைதான், மணலும் லென்ஸுக்குள் பறக்கும்.

ஒரு வாரம் லீவில் வருகிறேன். ஒரே நாளில் 40 சாறி எடுக்கலாமா?
(ரொறன்ரோ)

முடியாது. ஒரு சாறியை வடிவாகக் கட்டி ஊசி குத்தவே கால் மணித்தியாலம் போகும். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு. பஞ்சாபி என்றால் இருபது. நீங்கள் வர முன்னமே சாறிச் சட்டைகளின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஷூட் அன்று அதிகம் மினக்கெடுத்துவது அதுதான்.

இந்திய பிராண்டின் படத்தைப் போட்டு "இதே டிசைன் எங்களிடம் உண்டு" என்று விற்கலாமா? எல்லோரும் செய்கிறார்களே.

கூடாது. படம் அவர்களுடையது. துணியும் அதே துணி இல்லை.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்துவிட்டேன். இனி யாரும் என் பெயரையும் லோகோவையும் எடுக்க முடியாதுதானே?
(சுன்னாகம்)

எடுக்கலாம். வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வியாபாரக் குறி வேறு. குறியைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். உடுப்புக்கு 25ஆம் வகுப்பு. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். லேபிள் அடிக்க முன்னமே அதே பெயர் ஏற்கனவே உண்டா என்று தேடிப் பாருங்கள். லோகோ வரைந்தவரிடமும் உரிமை உங்களுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அக்காவின் மகளுக்குப் பாவாடை சட்டை போட்டுப் படம் எடுத்தேன். சொந்தப் பிள்ளைதானே, அனுமதிக் கடிதம் தேவையா?
(உடுவில்)

தேவை. அக்காவும் அத்தானும் இருவரும் கையெழுத்திட வேண்டும். எங்கெங்கே போடப்போகிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதுங்கள். பள்ளிக்கூட இலச்சினை, வீட்டு இலக்கம், பிள்ளையின் பெயர் எதுவும் படத்திலோ கீழே எழுதுவதிலோ வரக்கூடாது. நாளைக்கு எடுத்துவிடு என்று அக்கா கேட்டால் அன்றே எடுத்துவிடுங்கள்.

கைத்தறிக் கட்டம் போட்ட துணியில் படத்தில் வானவில் போல அலை அலையாகத் தெரிகிறது. கமரா பழுதா?
(நெல்லியடி)

பழுதில்லை. நெசவின் கட்டமும் சென்சரின் கட்டமும் மோதுகின்றன. ஓரடி முன்னே பின்னே நகருங்கள், அல்லது கமராவைச் சற்றே திருப்புங்கள். திரையில் நூறு வீதத்துக்குப் பெருப்பித்துப் பார்த்த பிறகுதான் அலை உண்மையில் படத்தில் இருக்கிறதா என்று முடிவெடுங்கள். சிறிதாக்கிப் பார்க்கும்போது இல்லாத அலையும் தெரியும்.