நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபு ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைந்தார், அப்படி என்ன சாதித்தார்?

1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர், 1974-ல் போகும்போது வயது 46 தான். குடிப்பழக்கம் உடம்பைக் கெடுத்தது, கடைசி வருடங்களில் பணக்கஷ்டமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் அவரைப் பற்றிப் பேச வேண்டியது அதுவல்ல. 1958-ல் வந்த சபாஷ் மீனாவைப் பாருங்கள், சிவாஜி பக்கத்தில் நிற்கும்போதும், இரட்டை வேடத்தில் ரிக்‌ஷாக்காரராக வரும்போதும் நம் கண் அவர் மேலேயே இருக்கும். அப்புறம் அந்தக் குரல்! மேற்கத்திய யோட்லிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் இயல்பாகக் கலந்து, தொண்டையைச் சட்டென்று மேலே ஏற்றி இறக்குவார், உடம்பும் எலும்பே இல்லாத மாதிரி வளையும். ‘குங்குமப்பூவே’ இன்றைக்கும் புதிதாகத்தான் கேட்கிறது. 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை அவரே இயக்கி, சாவித்திரியோடு நடித்தார், அது ஓடவில்லை. அந்த அடி பெரியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.