தாத்தா காலத்து மார்ட்டினி ஹென்றி துவக்கின் லீவர் இறுகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

நுவரெலியா பங்களாச் சுவரில் தொங்கும் அந்தப் பழைய பிரித்தானிய இராணுவத் துவக்குக்கு மாதாமாதம் தேங்காய் எண்ணெய் பூசியும், ரவை போடும் வாயைத் திறக்கும் அடிப்பக்க லீவர் கஷ்டப்பட்டே இறங்குகிறது என்கிறீர்கள். காரணமே அந்த எண்ணெய்தான். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். உங்கள் ஊர்க் குளிரில் அது பெரும்பாலும் கட்டியாகத்தான் இருக்கும். நாள்பட்டால் தூசியோடு பிசினாகி மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் லீவரை இறக்கி, உள்ளே ரவை இல்லை என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் மென்மையான பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுப் பிசினைக் கரையுங்கள். மரத்தில் படவேண்டாம். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, மூட்டுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

துருவைக் கண்டதும் உப்புத்தாளை எடுக்காதீர்கள், தயவுசெய்து! வலப்பக்க இரும்பில் கிரீடமும் விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். தேய்த்தால் அந்த வரலாறு போய்விடும். எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தாலே மேல்துரு கழன்றுவிடும்.

உள்ளே, ரவையை அடிக்கும் ஊசியைத் தள்ளும் சுருள்வில் பலமானது, அதை நீங்களே கழற்றவேண்டாம். அனுமதியுள்ள துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள், லைசன்ஸையும் கையோடு கொண்டுபோங்கள்.

தோல் உறையில் வைக்காதீர்கள், பனி ஈரத்தை அது பிடித்துவைக்கும்.