சைரன் ஊதினால் வாசலுக்கு வருகிறவர்கள்

கேள்வி: சார், அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் சாயங்காலம், டொர்னாடோ என்கிற சுழற்காற்று வருகிறது என்று எச்சரிக்கும் சைரன் ஊதியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் என்னடாவென்றால் செல்போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறான். எட்டிப் பார்த்தால் தெருவே வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கெல்லாம் பயமே கிடையாதா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: மகனைத் திட்டுவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிடுங்கள் அம்மா. அந்தப் பக்கத்தில் ஏழு வருடம் குப்பை கொட்டியவன் நான். முதல் தடவை சைரன் கேட்டபோது நானும் கராஜ் கதவைத் திறந்துகொண்டு வெளியேதான் போனேன். எதிர்வீட்டுக்காரர் பீர் டின்னோடு நின்று மேற்கே கையைக் காட்டினார். பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் மாதிரி வானம் பச்சையாக இருந்தது. உள்ளே என் மனைவி குக்கரை அணைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையைத் திறந்தால் ஆள் நுழைய இடமில்லை. வாக்குவம் கிளீனர், ஊருக்குப் போகிற பெட்டி நாலு, அதற்கு மேலே கொலு பொம்மை அட்டைப்பெட்டிகள். சைரன் அலற அலற அத்தனையையும் கூடத்தில் இறக்கிவிட்டுக் குழந்தையோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் சாவகாசமாக வந்து சேர்ந்தபோது என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்தது வெறும் ஆலங்கட்டி மழைதான்.

பயம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் காதில் விழுந்ததைக் கண்ணாலும் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மனிதன் நகர்கிறான். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் அலறிய அந்த அவசர எச்சரிக்கைச் சோதனை நினைவிருக்கிறதா? “உங்களுக்கும் வந்ததா?” என்று பக்கத்தில் இருப்பவரைத்தானே முதலில் கேட்டோம். போதாததற்குப் பழக்கம் வேறு. டல்லாஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் 12 மணிக்கு, ஓக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமைதோறும் மதியம், சோதனைக்காகச் சைரன் ஊதுவார்கள். நம் ஊர் மில் சங்கு மாதிரி, கேட்டால் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

இதன் விலை என்ன என்பது மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரத்தில் தெரிந்தது. 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5:11க்கு முதல் சைரன். 5:38க்கு இரண்டாவது. நடுவில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் இருந்தது. 158 பேர் செத்தார்கள். பிறகு அமெரிக்க வானிலைத் துறையினர் போய் உயிர் தப்பியவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலானவர்கள் முதல் சைரனுக்கு அசையவே இல்லை என்று தெரிந்தது. சிலர் டிவியைப் போட்டார்கள், சிலர் வெளியே வந்து பார்த்தார்கள், இரண்டாவது சைரனோ டிவிக்காரரின் குரல் மாறியதோ இரைச்சலோ ஏதோ ஒன்று கூடச் சேர்ந்த பிறகுதான் ஓடினார்கள். முட்டாள்தனம் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை ஊதி ஒன்றும் வராமல் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கேள்வி: சும்மா சும்மா ஊதுவதற்குப் பதில், நிச்சயமாகத் தெரிந்த பிறகு ஊதித் தொலைத்தால் என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிச்சயமாகத் தெரிகிற நேரத்தில் அது கூரையைத் தூக்கிக்கொண்டிருக்கும். முன்கூட்டி ரேடாருக்குத் தெரிவது மேகத்துக்குள் காற்று சுழல்கிறது என்பது மட்டும்தான், அது தரையைத் தொடுமா தொடாதா என்பதை அது சொல்லாது. அதனால்தான் ஜாப்ளின் காலத்தில் நாலு எச்சரிக்கை விட்டால் மூன்றில் டொர்னாடோ வராது. வந்தாலும் கையில் கிடைப்பது சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிஷம். நம் கடற்கரையில் புயல் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, நம்பர் மாற்றி, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, நாம் பால் பாக்கெட் வாங்கி வைக்கிற வரை நேரம் தருகிறது. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950 வரைக்கும் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே முன்னறிவிப்பில் சொல்லாமல் தவிர்த்துவந்தது அமெரிக்க வானிலைத் துறை. சொன்னால் ஜனங்கள் பீதியில் கண்டபடி ஓடுவார்களாம். நடுவில் 1948 மார்ச்சில் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ துவைத்துப்போட்டது. ஐந்தே நாள் கழித்து, இன்று மறுபடி வரலாம் என்று அங்கே இருந்த இரண்டு அதிகாரிகள் துணிந்து சொன்னார்கள், அதே மாதிரி வந்தது. ஓடுவார்கள் என்று இவ்வளவு பயந்தார்களே, இப்போது பாருங்கள், பீர் டின்னோடு நிற்கிறார்கள்.

கேள்வி: ஏசி ஓடும்போது எங்கள் வீட்டுக்குள் சைரன் சரியாகக் கேட்பதே இல்லை. புகார் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பிளேனோ

பதில்: கொடுத்துப் பிரயோஜனமில்லை. அது வெளியே இருக்கிறவர்களுக்காக வைத்தது. விளையாடிக்கொண்டிருப்பவர்களும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும் கேட்டு உள்ளே வரவேண்டும். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு செல்போன் எச்சரிக்கைதான். ராத்திரி அதை அணைத்து வைக்காதீர்கள். சைரனை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2017 ஏப்ரல் 7ஆம் தேதி ராத்திரி பதினொன்றே முக்கால் வாக்கில் டல்லாஸின் 156 சைரன்களும் மொத்தமாக ஊத ஆரம்பித்தன. ஒரு ஆபத்தும் இல்லை, எவனோ வேண்டுமென்றே ஊத வைத்திருக்கிறான். நிறுத்தி முடித்தபோது ராத்திரி மணி ஒன்றே காலைத் தாண்டிவிட்டது. அன்றைய ராத்திரியில் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு 4,400 அழைப்புகள்.

கேள்வி: காரில் ஏறி ஓடிவிட்டால் என்ன?
– அதே பிளேனோ வாசகர்

பதில்: வேண்டாம். 2013 மே 31, ஓக்லஹோமாவில் எல் ரீனோ. ஆபீஸ் விடுகிற நேரம், ஆயிரக்கணக்கானவர்கள் காரை எடுத்தார்கள், நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்த டொர்னாடோவின் அகலம் மட்டும் 4 கிலோமீட்டருக்கு மேல். அதில் இறந்த 8 பேருமே வண்டியில் இருந்தவர்கள்.

கேள்வி: டெக்ஸஸ் வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்ட் (நிலவறை) கிடையாதே, சார். நாங்கள் எங்கே போவது?
– ஒரு வாசகி, இர்விங்

பதில்: கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத இடம். பாத்ரூமோ, துணி அலமாரி அறையோ, படிக்குக் கீழோ. காலில் ஷூ, தலைக்கு சைக்கிள் ஹெல்மெட், கையில் செல்போன். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு தப்பிக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வானத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிற ஆள் வீட்டில் இருந்தால், உள்ளே உட்கார்ந்தபடி செல்போனில் ரேடாரைப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த இடத்தை இன்றைக்கே காலி பண்ணி வையுங்கள். எங்கள் கொலுப் பெட்டிகள் அந்த வாரமே கராஜுக்குப் போய்விட்டன. அவசரத்தில் இறக்கியதில் தசாவதார செட்டில் வாமனரின் குடை மட்டும் உடைந்தது. இப்போதும் குடையில்லாமல்தான் படியில் நிற்கிறார்.